மேனேஜர் வாங்கிய பிரேக்

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் முதலாளியிடம் கப்பல் மாதிரி பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. மலை இறங்கும்போது அதன் பிரேக் சரியாகப் பிடிக்காது.

"டிஸ்க் பிரேக் மாட்டு. செகண்ட் ஹேண்ட் சாமானை மேனேஜர் வாங்கித் தருவார். என் மக கல்யாணத்துக்கு இதிலேதான் இறங்குவா. ஏதாவது ஆச்சு, உன்னைத் தொலைச்சிடுவேன்" என்றார் முதலாளி, மெக்கானிக் சவரிமுத்துவிடம்.

மேனேஜர் புஜங்கராவ் கொண்டுவந்த டிஸ்க் தட்டில் பெயின்ட்டுக்கு அடியில் விரிசல் ஓடியது. சொன்னால் முதலாளி மேனேஜரைத்தான் நம்புவார். சொல்லாவிட்டால் அந்தப் பெண் பிழைக்கமாட்டாள்.

வேலை முடிந்ததும் சவரிமுத்து முதலாளி முன் கைகட்டி நின்றான். "முதலாளி, சாமான் வாங்கினவர் மேனேஜர் சார். முதல்ல அவரை ஏத்திக்கிட்டு மலை இறங்கிப் பாக்கறேன்."

"நானும் வர்றேன். மேனேஜர், ஏறும்யா" என்றார் முதலாளி. மேனேஜரால் மறுக்க முடியவில்லை.

முதல் வளைவு நெருங்கியது. கீழே பள்ளம். சவரிமுத்து பிரேக் பக்கம் காலை நகர்த்தினான்.

"நிறுத்துடா! அது விரிசல் விட்ட டிஸ்க்குடா! கமிஷனுக்காகத் தெரிஞ்சேதான் வாங்கினேன்!" என்று மேனேஜர் அலறினார்.

சவரிமுத்து பிரேக்கை மிதித்தான். கார் அசையாமல் நின்றது.

"அதை நான் மாட்டவே இல்லை சார். நொறுங்கின வேன் ஒண்ணுலேருந்து நல்லதா கழட்டி மாட்டினேன்" என்றான் சவரிமுத்து.

பின்சீட்டிலிருந்து முதலாளியின் குரல் வந்தது: "மேனேஜர், இறங்கி நடய்யா."