வெட்டி எறிந்த ஓரம்

“டீச்சர், ரெண்டு படமும் சண்டை போடுது. நான் எதை நம்பட்டும்?”

வந்ததும் வராததுமாகக் கேட்டார் கோமதிநாயகம். செருப்பைக்கூட ஒரு காலில்தான் கழற்றியிருந்தார்.

யூனிஸ் டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழிந்த முதுகுப்பை ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

“முதல்ல உக்காருங்க சார். படம் எங்கயும் ஓடிப்போயிடாது.”

அந்த வட்டாரத்தில் மலையேறுகிறவர்களுக்கெல்லாம் டீச்சர்தான் குரு. வயது நாற்பதுகூட ஆகவில்லை. கோமதிநாயகத்துக்கு அறுபது நடக்கிறது. இருந்தாலும் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவர் சிஷ்யப்பிள்ளைதான். நாற்காலியைக் காட்டிக் காட்டி டீச்சருக்கு அலுத்துப்போய்விட்டது. அவர் தரையில்தான் உட்காருவார்.

உட்கார்ந்தார். கக்கத்திலிருந்த சுருளை விரித்தார்.

“கெடைச்சிருச்சா!” என்றார் டீச்சர். ஊசி நின்றது.

கிடைத்துத்தான் இருந்தது. இப்போது வருகிற வரைபடங்களில் நரிப்பாறைக் கணவாய்க்குப் பாதையே கிடையாது. வெறும் பச்சைதான். அங்குலத்துக்கு ஒரு மைல் என்று அந்தக் காலத்தில் வரைந்த படத்தில் மட்டும் ஓர் ஒற்றையடிப் பாதை புள்ளி புள்ளியாக ஏறிப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றோடு மனிதருக்குத் தூக்கம் போயிற்று. பழைய புத்தகக் கடை, எடைக்குக் காகிதம் எடுக்கிற கடை, ஓய்வுபெற்ற வனத்துறை ரேஞ்சர் ஒருவர் வீட்டுப் பரண் என்று ஓரிடம் விடாமல் தேடினார்.

அதிலும் ஒரு படம் போதாது. நமக்கு வேண்டிய இடம் எப்போதுமே நான்கு படங்கள் சேரும் மூலையில்தான் போய் உட்கார்ந்துகொள்ளும். மலையேறுகிறவர்களுக்கு அது பழகிப்போன வயிற்றெரிச்சல். நான்கையும் பிடித்து, ஓரங்களைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தள்ளி, வேட்டித் துணியில் ஒன்றாக ஒட்டியிருந்தார். மூட்டு தெரியாத வேலை. நடுவில் நரிப்பாறைக் கணவாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

“அழகா இருக்கு சார். இதுல என்ன சண்டை?”

“கணவாய் உயரம் டீச்சர். பழைய படம் ஆயிரத்து அறுநூத்து நாப்பதுங்குது. புதுப்படம் ஐநூறுங்குது.”

“நீங்க எதை நம்புதிய?”

“பழசைத்தான்! அவங்க நடந்து அளந்தவங்க. கல்லுலயும் முள்ளுலயும் அளவுச் சங்கிலியை இழுத்துக்கிட்டுப் போயி அளந்திருக்காங்க. இவங்க மேல இருந்து போட்டோ புடிச்சு வரைஞ்சவங்கதான?”

“அப்போ அது வரைஞ்ச பிறகு மலை தேஞ்சுபோச்சா?”

“மலை எப்படித் தேயும்? புதுப்படம் பொய் சொல்லுது.”

“சரி. வடிவு அக்காட்ட என்ன சொன்னிய?”

கோமதிநாயகம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவு அவர் மனைவி. இத்தனை வருஷமாக மலை மலை என்று அவர் அலைந்ததையெல்லாம் வீட்டில் இருந்தபடியே பொறுத்துக்கொண்டவள். ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த வருஷம்தான். தை பிறந்தால் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் வேண்டுமானால் சின்ன ஏற்றம் ஒன்று, நின்று நின்று ஏறலாம், அப்புறம் மலையை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற சுனையைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அனுமதியும் வாங்கியாயிற்று. அவள் ஷூகூட வாங்கிவிட்டாள், வாழ்க்கையில் முதல் ஷூ.

“வேண்டாம்னு காலையில சொல்லிட்டுத்தான் வாறேன். ஆயிரத்து அறுநூறு மீட்டரு அவ காலுக்கு ஆகுமா?”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. உள்ளே போயிட்டா. ஷூப் பெட்டியை மூடுத சத்தம் மட்டும் கேட்டுச்சு. அழுதிருந்தாக்கூடத் தேவலை டீச்சர்.”

டீச்சர் கழுத்தில் கிடந்த தையல் டேப்பை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“இந்தப் பையோட அகலத்தைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்க. அடியில புதுத் துணி வைக்கணும்.”

நான் எதைப் பேசிக்கொண்டிருக்கிறேன், இந்த அம்மா எதைக் கேட்கிறது என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரு. அளந்தார்.

“பத்து.”

டீச்சர் டேப்பை வாங்கித் தானும் அளந்தார்.

“இருபத்தஞ்சு வருதே.”

“இப்பத்தான அளந்தேன்? பத்துதான்.”

“இருபத்தஞ்சு சார். நல்லாப் பாத்தியளா? இல்ல, நீங்க அளக்கும்போது பை சுருங்கியிருந்துச்சா?”

“என்ன டீச்சர், விளையாடுதியளா?” வெடுக்கென்று டேப்பைப் பிடுங்கினார். “ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர். நீங்க இந்தப் பக்கம் பாக்கிய, நான் அந்தப் பக்கம் பாக்கேன். பை அதே பைதான...”

அவர் கண் தரையில் விரித்திருந்த படத்துக்குப் போயிற்று.

டீச்சர் எழுந்துபோய்த் தன் பீரோவிலிருந்து பழைய படம் ஒன்றை எடுத்துவந்தார். கத்தரிக்கோல் படாத முழுப்படம். தரையில் விரித்து, மலை, ஆறு, ஊர் எல்லாம் மறைகிற மாதிரி அதன்மேல் பையைத் தூக்கி வைத்தார். கீழ் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது.

கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. உயரங்கள் எல்லாம் அடிக்கணக்கில் என்று அதில் அச்சாகியிருந்தது.

“அடியா!”

டீச்சர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

“ஆயிரத்து அறுநூத்து நாப்பது அடி... மூணே கால் அடிக்கு ஒரு மீட்டரு...” விரலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். “ஐநூறு! டீச்சர், ஐநூறுதான்! ரெண்டு படமும் ஒண்ணைத்தான் சொல்லுது!”

நெஞ்சின்மேல் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி இறக்கி வைத்தது போலிருந்தது. சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. தலையில் படீரென்று ஒரு போடு போட்டுக்கொண்டார்.

“மைல்ல நடந்த மனுசன் மீட்டர்லயா ஏறுவான்? இது எனக்கு ஏன் தோணல?”

“வெட்டின ஓரமெல்லாம் எங்க சார்?”

“குப்பையில போட்டுட்டேன். ஒட்டும்போது இடைஞ்சலா இருந்துச்சு.”

“மடிச்சிருக்கலாம்லா?”

டீச்சர் பல்லால் நூலைக் கடித்தார். பையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார்.

கோமதிநாயகம் செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததுமே கொட்டித் தீர்த்தார்.

“வடிவு! நான் மடையன்! அது அடிக்கணக்காம், மீட்டர் இல்லையாம். சின்ன மலைதான். மெதுவா ஏறிரலாம், நான் கையைப் புடிச்சுக்கிடுதேன். ஞாயித்துக்கிழமை போறோம். நீ முதல்ல பெட்டியைத் தொறந்து அந்த ஷூவை வெளியே எடு!”

“பெட்டியில எங்க இருக்கு?” என்றாள் வடிவு. அவளுக்கு மூச்சு வாங்கியது. “வெறும் பெட்டியைத்தான மூடினேன். புது ஷூ கடிக்கும்லா. நீங்க கிளம்பினதுல இருந்து வீட்டுக்குள்ளயே போட்டுட்டு நடந்துக்கிட்டு இருக்கேன்.”