விரிசல்தோறும் ஒரு துணுக்கு

காக்கை சொல்வது மனிதனுக்கும், மனிதன் சொல்வது எருமைக்கும் புரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே வடக்கே பனிமலைக்கு ஆட்கள் வேடிக்கை பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஏதோ இப்போது வந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். காசிக்குப் போகிற கூட்டத்தில் கால் வலு உள்ள நாலைந்து பேர், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அந்த வெள்ளை மலையையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே" என்று கிளம்பிவிடுவார்கள். ஒரு எட்டாம்! அங்கிருந்து ஒரு மாத நடை.

மேலே புல் முடிகிற இடத்தில் ஒரு கல்சாவடி இருந்தது. அதற்கு அப்பால் மரம் கிடையாது, மண் கிடையாது. இரண்டு மலைக்கு நடுவே ஓர் ஆறு அப்படியே உறைந்து கிடக்கும். ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது சும்மா கிடக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும். நகர நகர வெடிக்கும். சில விரிசலுக்குள் முழுப் பனைமரத்தை இறக்கி நிறுத்தலாம். அதன் வாயில் புதுப்பனி விழுந்து மூடிவிட்டதென்றால் மேலே நடக்கிறவனுக்கு எல்லாம் தரைதான்.

அதனால் அங்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பனியில் சடை எருமைக்கு முன்னால் யாரும் கால் வைக்கக் கூடாது. முடி தரையில் புரள நடக்கிற அந்த மலை எருமை, தலையைத் தாழ்த்திப் பனியை மோந்து பார்க்கும். ஒரு காலை வைத்து அழுத்தும். நிற்கும். மறுபடி மோந்து பார்க்கும். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் பேசாமல் திரும்பிச் சுற்றுவழியில் போகும். பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு முணுமுணுத்தாலும் அது காதில் வாங்காது.

எருமைக்குத் துணையாக இருந்தது மலைக்காகம். மேலே பறந்து மேகம் பார்த்துச் சொல்வதும், வந்தவர்களுக்குச் சிகரங்களின் பெயரைச் சொல்லிக் கதை அளப்பதும் அதன் வேலை. கூலி, ஆளுக்கு ஒரு பிடி வறுத்த மாவு. வாய் என்றால் அப்படி ஒரு வாய்! எந்த ஊர் ஆள் வந்தாலும் அந்த ஊர்ப் பேச்சை அன்று மாலைக்குள் பிடித்துக்கொள்ளும். "இந்த மலையில எனக்குத் தெரியாத விரிசல் ஒண்ணு கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லும். எனக்கு இந்தக் காகத்தின் மேல் இன்றைக்கும் கோபம்தான். கதையைச் சொல்லி முடிக்கும்போதுதான் பாவமாகிவிடும்.

ஒரு வருஷம் தெற்கே கடலோரத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவன் பெயர் முக்காண்டி, அவள் பேராச்சி. இரண்டு பேரும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். பேராச்சிக்கு எட்டு வயதில் உப்புப் பாத்தியில் இறங்கிய கால். முப்பது வருஷமாக உப்புத்தண்ணீரில் ஊறி, பாதம் முழுக்க வெடித்து, ராத்திரி பகல் தெரியாத எரிச்சல். எண்ணெய் போட்டாள், பச்சிலை கட்டினாள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். ஒன்றுக்கும் அடங்கவில்லை. அப்போதுதான் காசிக்குப் போய் வந்த ஒருவர், வடக்கே ஒரு மலை நெடுக உப்பு மாதிரியே வெள்ளையாகக் கிடக்கிறது, காலை வைத்தால் எலும்பு வரைக்கும் குளிருமென்று சொன்னார். அன்றையிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. "அதுல ஒரு தடவை காலை வச்சிட்டு வந்துட்டேன்னா போதும்" என்பாள். முக்காண்டி கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், பாவி மனுஷன்.

சாவடியில் மலைக்காகம் அவர்களைப் பார்த்த உடனேயே அண்ணாச்சி, அக்கா என்று உறவு கொண்டாட ஆரம்பித்தது. பேராச்சி சிரிக்காத நாளில்லை. ஆனால் பனி ஓரமெல்லாம் கல்லும் சேறும் மூடிக் கிடந்தது. சுத்தமான பனியும் நடுவிலே ஒரு நீலக் குளமும் உள்ளே தள்ளி இருந்தன. அதற்குள் எருமையோடு போக வேண்டும். எருமையோ மூன்று நாளாகக் கிளம்பவில்லை. காலையில் மோந்து பார்க்கும், வேண்டாம் என்று திரும்பிவிடும்.

நான்காம் நாள் உச்சிப்பொழுதில் காகம் மேலே பறந்துவிட்டு இறங்கியது.

"நாளைக்கு மறுநாள் பெருமேகம் வருது. வந்தா பத்து நாளைக்குக் குளம் கண்ணுல படாது" என்றது.

கூட வந்தவர்கள் விடிந்ததும் கீழே இறங்குவதாக இருந்தார்கள். அவர்களை விட்டால் வழித்துணை இல்லை. பேராச்சி எருமையிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இன்னிக்கு மட்டும் கூட்டிட்டுப் போ தாயி. இதுக்குன்னே வந்தேன்."

எருமை அவள் காலைப் பார்த்தது. "வெயில் ஏறிப்போச்சு. பனி இளகிக் கிடக்கு. இப்போ போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் புல்மேட்டுக்கு மேயப் போய்விட்டது.

பேராச்சி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டுக்கூட அழவில்லை. அதைக் காகத்தால் பார்க்க முடியவில்லை. அதற்கு அவள் மேல் உண்மையாகவே பிரியம்.

"அழாதீங்க அக்கா. எருமை போற சுத்துவழி அரை நாள். நேரா போனா கூப்பிடு தூரம். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றது.

முக்காண்டி தயங்கினான். "எருமைக்கு முன்னால கால் வைக்கக் கூடாதுங்காங்களே?"

"அது கிழம் அண்ணாச்சி. அதுக்கு எல்லாத்துக்கும் பயம். நான் முன்னால நடக்கேன், எனக்குப் பின்னால வாங்க. பறக்கக்கூட மாட்டேன், போதுமா?"

சொன்னபடியே அது பறக்கவில்லை. குட்டைக் காலை எடுத்து வைத்து முன்னால் நடந்தது. வெள்ளைப் பனி வந்ததும் பேராச்சிக்கு வேகம் வந்துவிட்டது. நடுவில் ஓரிடத்தில் பனி லேசாகக் குழிந்து ஒரு கோடு மாதிரி நீண்டு கிடந்தது. காகம் அதன் மேல் ஏறி நின்றது. அங்குமிங்கும் நடந்தது. மூன்று தடவை குதித்துக் காட்டியது.

"பாத்தீங்களா? கல்லு மாதிரி இருக்கு. வாங்க!"

அடப்பாவி! நீ என்ன கனம் இருப்பாய்? இரண்டு கை உப்பின் கனம் இருக்குமா? உன்னைத் தாங்கியது ஒரு மனுஷியைத் தாங்குமா என்று யோசித்தாயா? காகத்துக்கு அது தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து சிறகு இருக்கிறதுக்குக் கனமென்றால் என்னவென்று தெரியாது. ஏமாற்ற நினைத்திருந்தால் குதித்துக் காட்டியிருக்காது. மனசாரத்தான் சோதித்துப் பார்த்தது.

பேராச்சி இரண்டாவது அடி வைத்தாள். பனி பொத்துக்கொண்டு அவளோடு உள்ளே போய்விட்டது.

முக்காண்டி குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். நீலச் சுவர் இரண்டு பக்கமும் செங்குத்தாக இறங்கியது. ஒரு பனை ஆழத்தில், பனிக்கட்டி விளிம்பு ஒன்றில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். அதற்குக் கீழே இருட்டு.

"ஏட்டி பேராச்சி! பேராச்சி!"

"இருக்கேங்க" என்று குரல் வந்தது. "இடுப்பு அசைய மாட்டேங்குது. நீங்க ஓரத்துக்கு வராதீங்க."

அவன் கம்பளியை அவிழ்த்தான், வேட்டியை அவிழ்த்தான், தோளில் கிடந்த சிவப்புத் துண்டையும் மூட்டைக் கயிற்றையும் அவிழ்த்தான். எல்லாவற்றையும் முடிச்சுப்போட்டு விட்டுப்பார்த்தான். பாதி ஆழம்கூடப் போகவில்லை. அந்தத் துணியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி கத்தினான். கம்பளியை மட்டும் சுருட்டி அவள் மேல் விழும்படி போட்டான்.

காகம் பறந்துபோய் எருமையைக் கூட்டிவந்தது. எருமை திட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. "எவ்வளவு ஆழம்?" என்று மட்டும் கேட்டது.

"ஒரு பனை" என்றான் முக்காண்டி.

"சாவடியில அவ்வளவு நீளக் கயிறு கிடையாது. கீழ் ஊர்ல என் முடியில திரிச்ச கயிறு இருக்கு. தூக்கிவிட ஆளும் இருக்கு. போக ஒரு நாள், வர ஒரு நாள். என் முதுகுல ஏறு."

முக்காண்டி அந்தச் சிவப்புத் துண்டை விரிசல் ஓரத்தில் விரித்து அதன் மேல் ஒரு கல்லை வைத்தான். மாவு மூட்டையைப் பக்கத்தில் பிரித்து வைத்தான். பிறகு காகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அது தலையைக் குனிந்துகொண்டது.

"அவ பசி தாங்க மாட்டா. நான் வர்ற வரைக்கும் குடுத்துக்கிட்டே இரு" என்றான்.

"நிறுத்த மாட்டேன் அண்ணாச்சி. அக்கா மேல வர்ற வரைக்கும் நிறுத்தவே மாட்டேன்" என்று காகம் சத்தியம் செய்தது.

அவன் போனதும் வேலையைத் தொடங்கியது. மாவைப் பனியில் நனைத்து அலகளவு உருண்டையாக்கும். விரிசலுக்குள் இறங்கும். அவள் உள்ளங்கையில் வைக்கும். மேலே ஏறும். அலகளவு என்றால் எவ்வளவு வந்துவிடும்? ஒரு வாய்ச் சோற்றுக்கு இருபது தடவை இறங்கி ஏற வேண்டும். சிறகு சுவரில் உரசி இரத்தம் கசிந்தது. அது பொருட்படுத்தவில்லை.

"கொஞ்சம் உக்காந்து பேசிட்டுப் போயேன்" என்பாள் பேராச்சி.

"வாயில இரையை வச்சுக்கிட்டு எப்படிக்கா பேசுறது?" என்று உருண்டையை வைத்துவிட்டுச் சொல்லும். மறுபடி ஏறிவிடும்.

மறுநாள் மத்தியானம் அவள் சொன்னாள்: "காக்கா, கால் எரிச்சல் போயிடுச்சு. முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்குக் கால்னு ஒண்ணு இருக்கதே தெரியல."

காகத்துக்கு அதன் அர்த்தம் தெரியும். குளிரில் மரத்துப்போகிற உடம்பை அது நிறையப் பார்த்திருக்கிறது. "நல்லதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக மேலே வந்து, கல்லில் அலகைத் தேய்த்துக்கொண்டு அழுதது.

மூன்றாம் நாள் காலையில் மாவு தீர்ந்துபோனது. கயிறு வர இன்னும் நேரமிருந்தது. சாவடியில் யாரிடமாவது ஒரு துண்டு ரொட்டி கிடைக்கும். போகலாமா வேண்டாமா என்று காகம் விரிசலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"போயிட்டு வா. வந்துருவே இல்ல?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"இந்தா வந்துட்டேன்னு நினைச்சுக்கோங்க."

சாவடியில் ஒரு புண்ணியவதி ரொட்டியில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாள். அதைக் கவ்விக்கொண்டு காகம் திரும்புகையில் அது சொல்லியிருந்த பெருமேகம் இறங்கிவிட்டது. எதிரே தன் அலகு தனக்குத் தெரியவில்லை. காற்று அதைத் தூக்கிப் பாறையில் அடித்தது. ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டது. ரொட்டியை மட்டும் விடவில்லை. பனி ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. சிவப்புத் துண்டு இல்லை. கல் இல்லை. ஒரு விரிசல்கூட இல்லை. மலை முழுக்க வழித்துவிட்ட மாதிரி கிடந்தது.

அது தாழப் பறந்து தேடியது. கூப்பிட வாயைத் திறந்தால் ரொட்டி விழுந்துவிடும். அதனால் மூக்கு வழியாகவே கீச்சுக் கீச்சென்று குரல் கொடுத்துப் பார்த்தது. பதில் இல்லை.

முக்காண்டி நாலு ஆட்களோடும் தோள் நிறையக் கயிற்றோடும் ஓடிவந்தான். எருமை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது.

"எங்கே? எந்த இடம்?"

காகம் ஓரிடத்தில் இறங்கியது. தோண்டினார்கள். கெட்டிப் பனி. இன்னோர் இடத்தில் இறங்கியது. அதுவும் கெட்டிப் பனி.

"உனக்குத் தெரியாத விரிசலே இல்லைன்னியே!" என்று முக்காண்டி கத்தினான். "சொல்லு! எந்த இடம்னு சொல்லித் தொலை!"

காகம் ரொட்டியைக் காலடியில் வைத்தது. "தெரியல அண்ணாச்சி" என்றது. அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

நாலு நாள் தோண்டினார்கள். இடையில் பழைய விரிசல்கள் மூடி, புது விரிசல்கள் திறந்தன. ஆட்கள் ஒவ்வொருவராகக் கீழே போனார்கள். எருமை முக்காண்டியின் பக்கத்தில் வந்து நின்று, "வா, போகலாம். இனியும் இருந்தா நீயும் செத்துப்போவே" என்றது. அவன் எழுந்தான். கயிற்றைச் சுருட்டவில்லை, அது பனியிலேயே கிடந்தது. போகிற போக்கில் காகத்தைப் பார்த்தான். அது ரொட்டித் துண்டை இன்னும் கவ்விக்கொண்டு நின்றது. அவனுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"அவளுக்குப் பசிக்கும்" என்றான். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டான். அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று யாருக்கும் தெரியாது.

காகம் அங்கேயே இருந்தது. ஒரு விரிசல் கண்ணில் பட்டது. ரொட்டியில் கொஞ்சம் கிள்ளி அதற்குள் போட்டது. இன்னொரு விரிசல். அதற்குள்ளும் கொஞ்சம். ரொட்டி தீர்ந்ததும் சாவடிக்குப் பறந்தது. எப்போதும் வாயில் இரை இருந்ததால் பேச்சு மறந்தே போயிற்று. கடைசியில் அந்தக் கீச்சுக் குரல் மட்டும் மிஞ்சியது.

இப்போதும் பனிமலை ஏறுகிறவர்கள் பார்க்கலாம். புல் பூண்டு முளைக்காத உயரத்திலும் மஞ்சள் அலகோடு அந்தக் காகம் கூடவே வரும். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்தில் வந்து உட்காரும். "என்ன தைரியம் பார்!" என்று சிரித்துப் படம் பிடிப்பார்கள். போட்ட துணுக்கை உடனே தின்னாமல் கொண்டுபோய் ஏதாவது இடுக்கில் திணித்தால், நாளைக்குச் சேர்த்து வைக்கிறது என்று விளக்கம் சொல்வார்கள்.

பேராச்சி விழுந்த நாளிலிருந்துதான் மலைக்காகம் யாருக்கும் முன்னால் நடப்பதை விட்டது, பின்னாலேயே வருகிறது. கிடைத்த துணுக்கை ஒரு விரிசலுக்குள் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறது, ஒன்றும் கேட்காமல் அடுத்த விரிசலுக்குப் போகிறது.