அமலிக்குப் பக்கத்து நாற்காலி

இந்தக் கதையைக் கேட்டதும் அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடாதீர்கள். ஒரு ஊரே இதில் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறது.

குமரி மாவட்டக் கடற்கரையில் கல்முகத்துறை என்றொரு ஊர். அங்கே கோயில் திருவிழாவுக்கு வராதவன்கூடக் கால்பந்து ஆட்டத்துக்கு வந்துவிடுவான். மைதானத்தின் மேற்குப் பக்கம் கருங்கல்லில் கட்டிய படி கேலரி. அதன் மேல்படியில், தெற்கு ஓரத்தில், மீனவன் தியோடரும் அவன் மனைவி அமலோற்பவமும் உட்காருவது வழக்கம். கோல் விழுந்தால் அவன் எழுந்து குதிப்பான். அமலி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாள்.

ஒரு கார்த்திகை மாதப் புயலில், ஆழ்கடலுக்குப் போன தியோடரின் படகு திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. அதனால் 'செத்துப்போனான்' என்று சொல்ல ஊரில் யாருக்கும் நாக்கு எழவில்லை. அமலியும் தாலியைக் கழற்றவில்லை.

சில மாதங்கள் கழித்து அவள் மறுபடி ஆட்டம் பார்க்க வந்தாள். பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அது தியோடரின் இடம் என்று அவரவரே ஒதுங்கிக்கொண்டார்கள். இறுதியாட்டத்து நெரிசலிலும் அந்த ஓர் இடம் காலியாகவே கிடக்கும். யாராவது படியேறி அந்தப் பக்கம் வந்தால், அமலி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சற்று நகர்வாள். வந்தவர் தலையைக் குனிந்தபடி கடந்துபோய்விடுவார். "இன்னும் புருசனுக்கு எடம் விட்டுக் காத்திருக்கா" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஏழு வருடம் இப்படியே போயிற்று.

பிறகு மைதானத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தது. கால்பந்து ரசிகர் மன்றத்தார் பள்ளிக்கூட அறையில் கூடினார்கள். கூரையும் விளக்கும் வந்தால் மாவட்ட ஆட்டங்கள் இங்கே நடக்கும் என்றார்கள் சிலர். "வெளியூர்க்காரன் நாற்காலியில இருப்பான், நாம மதில்மேல தொங்கணும்" என்றார்கள் வேறு சிலர். குரல்கள் உயர்ந்து தணிந்தன. கடைசியில் கருங்கல் படிகளை இடித்துவிட்டு எண் போட்ட நாற்காலிகள் வைப்பது, இடங்களைக் குலுக்கலில் தருவது என்று முடிவானது.

"அப்போ அமலி?" என்று ஒருவர் கேட்டார்.

மன்றத் தலைவர் பெர்க்மான்ஸ் தியோடரின் பால்ய நண்பர். "பழைய எடத்துலயே அவளுக்கு ஒரு நாற்காலி குடுப்போம். பக்கத்து நாற்காலி தியோடருக்கு. அதுல யாரும் இருக்கப்பிடாது. அதுக்காக எனக்கு வர்ற நாற்காலிய நான் விட்டுடுறேன். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால நின்னு பாத்துக்குறேன்" என்றார்.

ஆசிரியை டெல்பினுக்கு அது பிடிக்கவில்லை. "காலமெல்லாம் ஒரு காலி நாற்காலியப் பக்கத்துல வச்சுட்டு அவ இருக்கணுமா? முன்வரிசையில, விருந்தாளிங்களோட உக்காரவைப்போம். என் இடத்தையே தர்றேன்" என்றார்.

சுவரோரம் நின்றிருந்த ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "அந்த அக்காகிட்ட யாராவது கேட்டீங்களா?"

அவன் பெயர் கதிர்வேல். திண்டுக்கல் பக்கத்துக்காரன். ஐஸ் கம்பெனி வேலைக்கு வந்தவன். ஊரில் அவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. ஆட்டத்துக்குத் தனியாக வந்து தனியாகவே திரும்புவான்.

"அதப் போய் எப்படிடே கேக்குறது?" என்றார் பெர்க்மான்ஸ். பேச்சு அத்தோடு முடிந்தது. பெர்க்மான்ஸ் சொன்னபடியே நாற்காலிகள் போடப்பட்டன.

திறப்புவிழா ஆட்டத்தன்று அமலி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியின் முதுகில் 'தியோடர்' என்று எழுதியிருந்தது. அதை அவள் ஒருமுறை பார்த்துவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். டெல்பின் வந்து கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்தார். "இங்கயே இருக்கேன் டீச்சர்" என்றாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதிர்வேல் வந்தான். அவனுக்குக் குலுக்கலில் விழுந்த இடம் கடைசி வரிசையின் வடக்கு மூலையில் இருந்தது. அங்கே போகாமல் நேராக அமலியிடம் வந்தான். பேருந்தில் கேட்பதுபோலக் கேட்டான்:

"அக்கா, இங்க ஆளு வருதா?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமலி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல தம்பி. ஆளு வரல்ல. இருங்க."

அவன் உட்கார்ந்தான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். இடைவேளை வரை அழுதாள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து பெர்க்மான்ஸ் ஓடிவந்தார். "நீ மனுசனாடே? ஏழு வருசமா நாங்க யாரும் கேக்காத கேள்விய நீ கேட்டுட்டியே!" என்று கத்தினார். கதிர்வேல் எழுந்திருக்கவில்லை.

நண்பனுக்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தவர் பெர்க்மான்ஸ். அமலியை அந்த வெறுமையிலிருந்து விலக்கிக் கூட்டிப்போக நினைத்தவர் டெல்பின். அவளை எல்லார் முன்னும் அழவைத்தவன் கதிர்வேல். இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் விடை, கதிர்வேல். பெர்க்மான்ஸின் தியாகம் பெரியதுதான், ஆனால் அதை அவர் தியோடருக்காகச் செய்தார். டெல்பின் கொடுக்க வந்தது மரியாதை. அமலிக்கு அந்த ஊரில் மரியாதை ஒருநாளும் குறைந்ததில்லை. 'அவன் வருவான்' என்று ஒருவரும், 'வரமாட்டான்' என்று இன்னொருவரும் அவளுக்கான பதிலைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். கதிர்வேல் பதிலை அவளிடம் விட்டான். 'ஆளு வரும்' என்று அவள் சொல்லியிருந்தால் மூலை நாற்காலிக்குப் போயிருப்பான். அவளுக்கு உதவி செய்ய அவன் வரவில்லை, தனக்கு ஓர் இடம் கேட்டு வந்தான். அத்தனை வருடத்தில் அவளிடம் ஏதோ ஒன்றைக் கேட்டு வந்தவன் அவன் மட்டும்தான். இடைவேளை முடிந்ததும் அமலி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பிக்கு எந்தூரு?" என்றாளாம். அவன் சொல்லத் தொடங்கினான். அந்த நேரத்தில் எதிரணி போட்ட கோலை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை.