மலைக்குப் பின்னால் போன அடுப்பு

ஆற்றோரக் காட்டில் ஒரு கரடி வெல்லம் காய்ச்சி விற்று வந்தது. அந்த வெல்லத்துக்குக் காடே அடிமை. ஆனால் கரடிக்குப் பொறுமை என்பதே கிடையாது. கரும்பைப் பிழிந்த கையோடு ஈரச் சக்கையை அப்படியே அடுப்பில் திணிக்கும். அது எரியாமல் புகைந்தால் நான்கு மரத்தை வெட்டி மேலே போடும்.

கொட்டகைக்கு எதிரே ஒரு வேங்கை மரம். அதன் பொந்தில் ஒரு பெண் இருவாச்சி அடைகாத்தது. இருவாச்சிகளின் வழக்கம் விசித்திரமானது. பெண் பறவை உள்ளே போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு துளை மட்டும் இருக்கும். குஞ்சுகள் வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும்.

இரண்டு குஞ்சுகள் பொரித்தன. கரடியின் புகை அந்தத் துளை வழியாக உள்ளே போனது. ஆண் இருவாச்சி வந்து முறையிட்டது. மான்களும் முயல்களும் அதன் பக்கம் சேர்ந்துகொண்டு, புகை குறையும்வரை வெல்லம் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டன.

கரடி நரியைக் கூப்பிட்டு யோசனை கேட்டது.

"இதுக்கா தலையைப் பிச்சுக்கிறீங்க? அடுப்பைத் தூக்கி மலைக்கு அந்தப் பக்கம் வச்சிடுங்க. இங்கே கடை மட்டும் இருக்கட்டும்!" என்றது நரி.

அப்படியே ஆயிற்று. மலைக்குப் பின்னால் கழுதைப்புலிகள் கரடிக்காகக் கூலிக்கு வெல்லம் காய்ச்சின. கடை வாசலில் நரி மாவிலைத் தோரணம் கட்டி, 'புகையில்லா வெல்லம்' என்று பலகை மாட்டியது. வியாபாரம் முன்னைவிட அமோகம். அதனால் அங்கே அடுப்பும் முன்னைவிட அதிகமாக எரிந்தது. கரடி ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. வாங்கித் தின்றவர்களுக்கும் பார்க்கும் ஆசை இல்லை.

பத்து நாளில் காற்று திசை மாறியது. மலைக்குப் பின்னால் கிளம்பிய புகை முழுவதும் மலை முகட்டைத் தாண்டி இறங்கி வேங்கை மரத்தைச் சூழ்ந்துகொண்டது.

ஆண் இருவாச்சி கடைக்குப் பறந்து வந்தது. கரடி பலகையைக் காட்டி, தன் கடையில் பொட்டுப் புகைகூட இல்லை என்றது.

"அடுப்பு எங்கே வேணும்னாலும் இருக்கட்டும் அண்ணே. எரியறது உங்க வெல்லத்துக்குத்தானே? உள்ளே அடைஞ்சு கிடக்கிறவ எங்கே போவா?" என்று கேட்டது இருவாச்சி.

கரடி மலை ஏறிப் பார்த்தது. மறுபக்கச் சரிவில் பாதி மரங்களைக் காணோம். அதற்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அடுப்பை அப்போதே அணைத்தது.

மூன்று நாள் காட்டில் வெல்லம் கிடைக்கவில்லை. கரடி சக்கையை வெயிலில் பரப்பிக் காயவைத்தது. அடுப்பின் வெடிப்புகளைக் களிமண்ணால் பூசியது. நான்காம் நாள் காய்ந்த சக்கை அதிகம் புகையாமல் திகுதிகுவென்று எரிந்தது. விறகே தேவைப்படவில்லை. அடுப்பை மலை தாண்டித் தூக்கிப்போனதைவிட இது சுலபமான வேலையாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து வேங்கை மரத்து மண்சுவர் உடைந்தது. தாய்ப்பறவை வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு குஞ்சு வந்தது. இன்னொன்றும் வரும் என்று கரடி சாயங்காலம்வரை மரத்தடியில் நின்றது. பிறகு கடைக்குத் திரும்பிப் பலகையைக் கழற்றியது.

கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்ட புகை குறைந்த புகை ஆகாது. தொழில் செய்பவர் அதைத் தம் அடுப்பிலேயே குறைக்க வேண்டும்.