பெருச்சாளி மூடிய மேய்ச்சல் தரை

குன்றடியில் ஒரு மேய்ச்சல் தரை இருந்தது. அது யாருக்கும் தனிச்சொத்து இல்லை. கால் உள்ள எல்லாருக்கும் பொது. மேலே மான்கள் மேய்ந்தன. அடியில் கோரைக்கிழங்கு கொழுத்துக் கிடந்தது. அந்த வாசனை தொந்தன் என்கிற பெருச்சாளியைத் தூங்கவிடவில்லை.

கேட்டுவிட்டுத் தோண்டினால் வம்பில்லை என்று அது மான்கூட்டத்தின் தலைவி செம்பியிடம் போனது.

"அக்கா, அடியில இருக்கிற கிழங்கை மட்டும் எடுத்துக்கறோம். புல்லைத் தொடமாட்டோம்."

"எடுத்துக்கோ. நிலத்தை எப்படித் திருப்பித் தருவே?"

"வளையை மூடிட்டுத்தான் போவோம். அது எங்க குலவழக்கம்."

"உங்க வழக்கம் எனக்குத் தெரியும். பாம்பு வராம வாசலை மட்டும் அடைப்பீங்க. அது போதாது, தம்பி. புது வளையில தோண்டுற மண்ணைப் பழைய வளைக்குள்ள நிரப்பிக்கிட்டே போகணும். என் குட்டி ஓடுற இடம் இது."

"சரிக்கா" என்று தொந்தன் தலையாட்டியது. தலையாட்டக் காசா, பணமா?

தோண்ட ஆரம்பித்ததும் பேச்சு மாறியது. "முதல்ல கிழங்கு, அப்புறம் மண்ணு" என்று தன் கூட்டத்துக்குச் சொன்னது. கிழங்கு உள்ளே களஞ்சியத்தில் குவிந்தது. மண் வெளியே மேடாகக் குவிந்தது. ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மேடெல்லாம் கரைந்து குளத்துக்குப் போய்விட்டது.

இனி நிரப்ப மண் ஏது? ஆனாலும் தொந்தனுக்குச் சமாளிக்கத் தெரியாதா என்ன? வளைவாய்களை மட்டும் அடைத்தது. மேலே அருகம்புல்லை நட்டது. சில நாளில் தரை பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது.

"அக்கா, வந்து பாருங்க! பழையபடி ஆயிடுச்சு."

குட்டி துள்ளிக்கொண்டு ஓடப்போனது. செம்பி குறுக்கே நின்று மறித்தது.

"முதல்ல நீ குதிச்சுக் காட்டு, தம்பி. அப்புறம் என் குட்டி வரட்டும்."

தொந்தனுக்குக் கால் எழவில்லை. அடியில் மண் இல்லை, வெறும் வளைதான் என்பது அதற்குத்தானே தெரியும்? ஆனால் எல்லாரும் பார்க்கிறார்களே. அடிமேல் அடி வைத்து மெல்ல நடந்தது. தரை தாங்கியது. உடனே துணிச்சல் வந்துவிட்டது. "பாத்தீங்களா?" என்று ஓங்கி ஒரு குதி குதித்தது.

தரை தொபுக்கென்று உள்ளே போனது. வளைமேல் வளை சரிந்து, களஞ்சியமும் கிழங்கும் சேற்றில் புதைந்தன. தொந்தன் மூக்கு நிறைய மண்ணோடு மேலே ஏறி வந்தது.

"என் குட்டி கால் தப்பிச்சுது. உன் கிழங்குதான் போச்சு" என்றது செம்பி. "மண்ணு குளத்துல கிடக்கு. வாயில கவ்வித்தான் கொண்டு வரணும்."

குளம் வற்றியதும், கோடை முழுவதும் பெருச்சாளிகள் குளத்துக்கும் தரைக்குமாக நடந்தன.

நிலத்தைத் திறக்கும் முன்பே அதை மூட வழி செய்துகொள்ளாதவன், பிறகு வெறும் வயிற்றோடு மண் சுமப்பான்.