கிண்ணத்தில் வந்த கனவு

முன்னொரு காலத்தில், மேகங்கள் இறங்கிவந்து மாடங்களில் சற்றுப் படுத்துவிட்டுப் போகும் ஒரு நாட்டில், தூக்கத்தை மிகவும் நேசித்த ராஜா ஒருவர் இருந்தார். நாட்டின் பெயர் எனக்குத் தெரியாது. ராஜாவின் பெயரும் தெரியாது; எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர்கள் எல்லாருமே பெயர் வருகிற இடத்தில் கொட்டாவி விட்டுவிட்டார்கள். மற்ற ராஜாக்கள் வேட்டையைப் பற்றிப் பேசுவார்கள். இவர் கனவைப் பற்றிப் பேசுவார். காலையில் சபை கூடியதும் ராஜா தாம் கண்ட கனவைச் சொல்ல, எல்லாரும் தலையாட்டிக் கேட்க வேண்டும். ஆட்டி ஆட்டியே சில மந்திரிகளுக்குக் கழுத்து நீண்டுவிட்டது.

ஒருநாள் ராஜா முகம் வாடி வந்து உட்கார்ந்தார்.

"கனவில் ஒரு பாட்டுக் கேட்டோம். 'கிழக்கு வெளுத்தது, கிணற்றடி நிலாவும் வீட்டுக்குப் போனது.' அவ்வளவுதான். பாதியில் நின்றுவிட்டது. தினமும் அதே இடத்தில் நிற்கிறது. இந்தப் பாட்டு யாருடையது?"

சபையில் விகடம் சொல்லும் திருமேனி எழுந்தான். பெயர்தான் திருமேனி, ஆள் காய்ந்த முருங்கைக்காய் போல இருப்பான்.

"மகாராஜா, அது தையல்நாயகி அம்மாவின் பாட்டு. விடியற்காலையில் கோட்டைச் சுவரில் நின்று பாடித் தங்களை எழுப்பியவர். தங்களை மட்டுமா? சேவலே அவர் பாட்டைக் கேட்டுத்தான் கூவும். வயதானதும் தாங்கள்தான் அவரை ஓய்வு மாளிகைக்கு அனுப்பிவைத்தீர்கள்."

ஓய்வு மாளிகை என்பது, அரண்மனையில் உழைத்து முதிர்ந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்காக ராஜா கட்டிய வீடு. நல்ல மனசோடு கட்டியதுதான். கட்டினாரே தவிர, அங்கே போய் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்துக்கொள்ளச் சோமநாயகர் இருந்தார். மாளிகைக்கு அதிகாரி அவர்தான், அதைச் சோதனை செய்கிறவரும் அவர்தான். இதிலுள்ள கோளாறு அந்தச் சபையில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

"தையல்நாயகி நலமா?" என்று ராஜா கேட்டார்.

சோமநாயகர் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "பேரரசே, மாளிகையில் குறை என்ற சொல்லுக்கே இடமில்லை. ஒவ்வொரு பௌர்ணமியன்றும் நமது வழக்கப்படி வாசலில் நின்று, 'குறை உள்ளவர் குரல் கொடுக்கலாம்' என்று மும்முறை அறிவிக்கிறோம். இன்றுவரை ஒரு குரலும் எழுந்ததில்லை. ஓர் இருமல்கூட இல்லை. அதனால்தான் தாங்களே எனக்குக் 'குறையிலான்' என்ற பட்டம் அளித்தீர்கள்."

"என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்?"

"அந்திசந்தி இரண்டு வேளையும் ஏலம் போட்ட பால். தாங்களே பருகத் தக்க பால், பேரரசே. அதற்கு நானே சான்று!"

இதைக் கேட்டுச் சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அந்த நாட்டில் ராஜா முன்னால் ஒரு பண்டத்தை நல்லது என்று எவர் சொன்னாலும், ராஜா அதைக் கேட்கும்போது சொன்னவர்தான் முதலில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒரு தளபதி வாய் தவறிப் பாகற்காயைப் புகழ்ந்துவிட்டு, ஒரு சட்டி முழுவதையும் தின்ற கதை அங்கே பிரசித்தம். ஆனால் கிழவர்கள் குடிக்கும் பாலை ராஜா எங்கே கேட்கப் போகிறார்? சோமநாயகர் தைரியமாக உட்கார்ந்தார்.

ராஜாவின் கண்கள் பாதி மூடின. "குறையே இல்லாத வீட்டில் தூங்குகிறவர்களுக்கு எப்படிப்பட்ட கனவு வரும்! அதில் ஒன்றை நாமும் பார்க்க வேண்டுமே."

திருமேனி என்றாலே சோமநாயகருக்கு வயிறு எரியும். அவர் சட்டென்று சொன்னார்: "திருமேனியால் ஆகாத காரியம் உண்டா? அவர் போய் ஒரு கனவைக் கொண்டுவரட்டும். கொண்டுவராவிட்டால் எல்லையைத் தாண்டிப் போய், பக்கத்து நாட்டுக்காரர்களைச் சிரிக்கவைக்கட்டும்."

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. "நாளை மதியம் ஒரு கனவோடு வா, திருமேனி. பாட்டின் மீதியும் அதில் இருந்தால் உத்தமம்."

*

மறுநாள் காலை திருமேனி மாளிகைக்குப் போனான். முரசு இல்லை, பல்லக்கு இல்லை. பின்பக்கத்து வாழைத்தோட்டம் வழியாகச் சத்தமில்லாமல் நுழைந்தான்.

உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டான். அவ்வளவு அழகு. பளிங்குத் தரையில் வெயில் கட்டங்கட்டமாக விழுந்திருந்தது. வெள்ளைத் திரைகள் மூச்சு விடுவதுபோல் மெல்ல உப்பி அடங்கின. சுவரோரம் வரிசையாகப் பாய்கள். பாய்களில் வெண்ணிறத் தலைகள். எல்லாரும் உறங்கினார்கள். யானைகளையே மிரட்டிய பாகர் உறங்கினார். அரண்மனை அடுப்பை ஆண்ட சமையற்காரர் உறங்கினார். தலைமாட்டில் வைத்த இட்லியை அணில்கள் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. விரட்ட யாரும் இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றால் நமக்கும் கண் செருகும்.

திருமேனி கன்னத்தில் அறைந்துகொண்டான். 'வெயில் ஏறிவிட்டதே! இந்த நேரத்தில் கிழவர்கள் இருக்கிற வீட்டில் எவ்வளவு சண்டை நடக்க வேண்டும்? வெந்நீர் எங்கே, கைத்தடி எங்கே, அவனுக்கு மட்டும் ஏன் பெரிய இட்லி... ஒன்றையும் காணோமே!'

தையல்நாயகி கடைசிப் பாயில் கிடந்தாள். கிடந்து கிடந்து முழங்கை புண்ணாகியிருந்தது. உதடு வெடித்திருந்தது. திருமேனி குனிந்து, "அம்மா... தையல்நாயகி அம்மா..." என்று கூப்பிட்டான். நெடுநேரம் கழித்து அவள் கண்கள் கீற்றாகத் திறந்தன.

"விடிஞ்சிடுச்சா?"

"உச்சிப்பொழுது ஆகப் போகுதும்மா."

"அய்யோ, நான் இன்னும் பாடலையே..." எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "யாரோ வாசல்ல நின்னு கேக்குறாங்க தம்பி, குறை இருக்கான்னு. இருக்குன்னு சொல்ல வாயத் திறப்பேன். அதுக்குள்ள தூக்கம் வந்து இழுத்துக்கிட்டுப் போயிடுது."

சொல்லும்போதே அது அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊரையே எழுப்பியவளுக்குத் தன்னை எழுப்பிக்கொள்ள முடியவில்லை. சிரிக்கவைத்தே பிழைக்கிறவன், திரைக்குப் பின்னால் நின்று அழுதான்.

மூலையில் பால் அண்டா இருந்தது. பக்கத்தில் பணியாள் ஒருவன் கலக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன்ப்பா, ஏலம் மட்டும்தானா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "கொஞ்சம் அபினும் போடுறோங்க. அதிகாரி உத்தரவு. முழிச்சிருந்தா ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்களாம். பௌர்ணமி அன்னைக்கு இன்னும் தாராளமா ஊத்தச் சொல்லுவாரு. எனக்கும் மனசு கேக்கலைங்க. ஆனா பெரிய இடத்து உத்தரவு."

திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் குடிக்கும் கிண்ணத்தில் அவர்கள் குடிக்கும் அளவு பாலை வாங்கிக்கொண்டான்.

*

மதியம். ராஜா உண்ட களைப்பில் சாய்ந்திருந்தார். திருமேனி பட்டுத்துணி மூடிய கிண்ணத்தை நீட்டினான்.

"கனவு கொண்டுவந்திருக்கிறேன், மகாராஜா. அந்த மாளிகையில் கனவை இதில்தான் ஊற்றித் தருகிறார்கள். குடித்தால் வரும்."

ராஜா ஆவலோடு கை நீட்டினார். திருமேனி கிண்ணத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்தான். "மன்னிக்க வேண்டும். இது ஓய்வு மாளிகைப் பால். இதற்குச் சான்று சொன்னவர் இருக்கிறாரே! வழக்கம் என்று ஒன்று உண்டல்லவா?"

சபை முழுவதும் சோமநாயகரைத் திரும்பிப் பார்த்தது. அவர் நெற்றியில் திருநீறு கரைந்து ஓடியது.

"எனக்கு... இன்று விரதம், பேரரசே."

"பால் விரதத்துக்கு விலக்கில்லையே!" என்றார் ராஜா. "ஏன் தயங்குகிறீர்? பாலில் ஏதேனும் உண்டோ?"

"இல்லை, இல்லை!" ஒரு கிண்ணம் என்ன செய்துவிடும் என்று நினைத்து, சோமநாயகர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"கனவு வரச் சற்று நேரமாகும். அதுவரை நான் அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்" என்று திருமேனி தொடங்கினான். வெயில் கட்டங்களைச் சொன்னான். உப்பி அடங்கும் திரைகளைச் சொன்னான். இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்னும் அணில்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, தாலாட்டுப் போலச் சொன்னான். வெளியே ஒரு மேகம் சபையின் சாளரத்தில் வந்து சாய்ந்தது. சோமநாயகரின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. பிறகு உடம்பும் சாய்ந்தது.

திருமேனி அவர் பக்கத்தில் போய் நின்று, அறிவிப்பாளன் குரலில் கூவினான்:

"சோமநாயகரின் அதிகாரம் இன்றோடு பறிக்கப்படுகிறது! குறை உள்ளவர் குரல் கொடுக்கலாம்!"

சோமநாயகர் குறட்டை விட்டார்.

"அவர் பட்டம் ரத்து செய்யப்படுகிறது! குறை உள்ளவர் குரல் கொடுக்கலாம்!"

குறட்டை.

"அவர் மீசையில் ஒருபக்கம் மழிக்கப்படுகிறது! குறை உள்ளவர் குரல் கொடுக்கலாம்!"

சபை அதிரச் சிரித்தது. ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திருமேனி வணங்கினான். "ஓர் இருமல்கூட இல்லை, மகாராஜா. இவருக்குக் குறையே கிடையாது."

ராஜாவின் சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. கீழே கிடந்தவரைப் பார்த்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"தையல்நாயகியும்... இப்படித்தானா?"

"எல்லாரும் இப்படித்தான், மகாராஜா. இதுதான் அவர்களுடைய கனவு. பாட்டு பாதியில் நிற்கும் இடம் இதுதான்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். பாதரட்சையை மறந்து, வெறுங்காலோடு தெருவில் நடந்தார். முரசுக்காரன் முரசைத் தேடி எடுப்பதற்குள் அவர் மாளிகைக்குள் போய்விட்டார்.

*

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைத்தியர்கள் வந்தார்கள். அபினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். புண்களுக்கு மருந்து வைத்தார்கள். சோமநாயகர் விழித்தபோது ஒருபக்க மீசையோடு ஓய்வு மாளிகையில் இருந்தார். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பது இனி அவர் உத்தியோகம். அங்கே கூப்பிடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. மாளிகை இரைச்சலில் அதிர்ந்தது. அணில்கள் மனம் நொந்து வேறு வீடு தேடிப் போயின.

சோதனை செய்யும் வழக்கமும் மாறியது. இனி ராஜாவே முன்னறிவிப்பின்றி அங்கே போக வேண்டும். அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் பாயில் படுத்து, விடியும்வரை தூங்க வேண்டும். ராஜாவுக்குத் தூங்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன?

முதல் சோதனை முடிந்த விடியற்காலையில் ராஜா கனவில் இருந்தார். 'கிழக்கு வெளுத்தது, கிணற்றடி நிலாவும் வீட்டுக்குப் போனது' என்று பாட்டு வந்தது. இதோ நிற்கப் போகிறது என்று கனவுக்குள்ளேயே அவர் நெஞ்சு பதைத்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. கொஞ்சம் கரகரத்து, மேலே போனது:

"ஊரெல்லாம் எழுந்தது, உன்னைத்தான் தேடுது, உறங்கிய ராசாவே கண்ணைத் திற."

ராஜா கண்ணைத் திறந்தார். எதிரே சுவரைப் பிடித்துக்கொண்டு தையல்நாயகி நின்றிருந்தாள். ராஜாவுக்குக் கண் நிறைந்தது. அவள் மெலிந்த கைகளைப் பிடித்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வழக்கப்படி தாமே கேட்டார்:

"குறை உள்ளவர் குரல் கொடுக்கலாம்."

"இருக்கு மகாராஜா!" என்றாள் தையல்நாயகி. "நீங்க விட்ட குறட்டையில நாங்க ஒருத்தரும் பொட்டுக் கண் மூடல!"

"ஆமா! ஆமா!" என்று எல்லாப் பாய்களிலிருந்தும் குரல் எழுந்தது.

ராஜா சிரித்தார். சாளரத்தில் படுத்திருந்த மேகம் திடுக்கிட்டு எழுந்து போகும் அளவுக்குச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி, துணைக்கு வந்து அடுத்த பாயில் படுத்திருந்த திருமேனியின் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார்.

திருமேனி அந்த நீண்ட கூடத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"இங்கே எனக்கும் ஒரு பாய் வேண்டும், மகாராஜா. இப்போது இல்லை, கிழவனான பிறகு. தங்கள் பாய்க்கு வெகுதூரத்தில்."