மை தடவாத ஏடு

முன்னொரு காலத்தில் பூந்தாழை நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் கைதட்டுகிறதோ அந்தப் பக்கம் சாய்கிற தலை அவனுக்கு. அப்படிப்பட்ட ராஜாவின் ஊரில் மோகனரங்கன்கள் செழிக்காமல் வேறு யார் செழிப்பார்கள்?

மோகனரங்கனுக்குப் பிரபலமாக இருப்பதே தொழில். இன்று என்ன உடுத்தினான், என்ன தின்றான் என்று துணியில் படம் எழுதிச் சந்தைக்குச் சந்தை தொங்கவிட நான்கு ஓவியர்கள் இருந்தார்கள். அதைக் கூவிச் சொல்லப் பன்னிரண்டு கட்டியக்காரர்கள். அவன் ஓர் எண்ணெயைத் தலையில் தேய்த்துப் படம் எழுதவிட்டால், மாலைக்குள் அந்தச் செக்கில் பிண்ணாக்குதான் மிஞ்சும்.

எல்லாம் இருந்தும், "வெறும் மினுக்கன்" என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. பெயருக்கு முன்னால் 'முதுபுலவர்' என்று போட்டுக்கொண்டால் எவன் வாய் திறப்பான்? பட்டம் வாங்குமுன்பே பல்லக்கில் அதை எழுதியும் விட்டான்!

அந்த நாட்டில் பட்டம் வேண்டுமென்றால், சொந்தமாக ஆராய்ந்து ஓர் ஏடு எழுதி அறிஞர் அவையில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் பட்டம். பேராச்சி என்கிற மருத்துவச்சி அதற்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். ஒன்பது வருஷம் நாற்பது ஊர் நடந்து, எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் காய்ச்சலில் சாகிறார்கள் என்று எழுதியவள் அவள். முதுபுலவரின் முத்திரை விழுந்தால்தான் அங்கே ஒரு பொதுக்கிணற்றை மூட முடியும். அந்த முத்திரைக்காகத்தான் அவளுக்குப் பட்டம் தேவைப்பட்டது. அவள் ஏடு சுட்டிய கொலைக்கிணறான கீழ்ப்பாடிக் கிணறு இன்னும் திறந்தே கிடந்தது.

அவைத்தலைவர் சர்வேசப் பண்டிதருக்கோ வயிற்றெரிச்சல். "பாடசாலை வாசலை மிதிக்காதவள் எனக்குச் சமமாக உட்காருவதா?" என்று அவள் ஏட்டைப் பரணில் போட்டிருந்தார். மோகனரங்கன் வந்து வணங்கியதும், "நீங்கள் ஏன் சிரமப்படவேண்டும்? ஏட்டை நானே தயார்செய்து தருகிறேன். என் படமும் சந்தையில் தொங்கட்டும்" என்றார்.

ஒரு மாதத்தில் பட்டுக் கயிறு கட்டிய ஏடு சபைக்கு வந்தது.

"மூன்று முறை வாசித்தேன், மகாராஜா! வரிக்கு வரி கண்ணீர்!" என்றார் பண்டிதர்.

மந்திரி திருமேனி கட்டைப் பிரித்து ஓர் ஓலையை எடுத்துப் பார்த்தார். எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் வெறும் கீறல்தான். கரியும் எண்ணெயும் குழைத்த மையைத் தடவித் துடைத்தால்தான் படிக்க வரும். இந்த ஏட்டில் ஓர் ஓலையிலும் மை இல்லை. மூன்று முறை வாசித்த லட்சணம் மந்திரிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் வாய் தேனாகத்தான் பேசியது.

"இப்பேர்ப்பட்ட ஏட்டை நாலு சுவருக்குள் வைத்துப் பாராட்டுவதா? பெரிய மைதானத்தில் ஊரைக் கூட்டுவோம். முதுபுலவர் தம் கையாலேயே மை தடவி, தம் திருவாயாலேயே வாசிக்கட்டும். கட்டியக்காரர்கள் ஒவ்வொரு வரியையும் கடைசி ஆள் வரைக்கும் கூவட்டும்."

பண்டிதர் ஏட்டைக் கையால் பொத்திக்கொண்டார். "நான் வாசித்தாயிற்றே, போதாதா?"

கூட்டம் என்ற சொல் காதில் விழுந்தபின் மோகனரங்கன் யார் பேச்சைக் கேட்பான்? "நாளைக்கே வைத்துக்கொள்வோம்!" என்றான்.

மறுநாள் மைதானம் நிரம்பி வழிந்தது. அவன் மை தடவித் துடைத்தான்; எழுத்துகள் கறுத்து எழுந்தன. ஓவியர்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, புன்னகையோடு ராகம் போட்டு வாசித்தான்.

"பங்குனி எட்டாம் நாள் என் மகள் வஞ்சி இறந்தாள். கீழ்ப்பாடிக் கிணற்றுத் தண்ணீரை நான்தான் அவளுக்கு மொண்டு கொடுத்தேன்."

பன்னிரண்டு கட்டியக்காரர்களும் அதைக் கூவினார்கள். 

மந்திரி கேட்டார்: "ஐயா, உமக்கு எத்தனை பிள்ளைகள்?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே!" என்று வழக்கமான மிடுக்கோடு சொன்னான் மோகனரங்கன்.

"கல்யாணமே ஆகவில்லையே!" என்று கட்டியக்காரர்கள் அதையும் கூவினார்கள்.

யாரோ ஒருவன் சிரித்தான். கூட்டத்தின் கடைசியிலிருந்து பேராச்சி எழுந்து வந்தாள்.

"அது என் மவ," என்றாள். 

ராஜா பண்டிதரைப் பார்த்தான். அவர் மடமடவென்று கொட்டிவிட்டார். பரணில் கிடந்த ஏட்டை ஓலை எழுதுபவன் ஒருவனிடம் கொடுத்து, அப்படியே பார்த்து எழுதச் சொன்னாராம். வாசித்துப் பார்க்கவில்லையாம். அவளுடைய ஏட்டையும் வாசிக்கவில்லை, இவனுடைய ஏட்டையும் வாசிக்கவில்லை. அந்த மனிதர்தான் அறிஞர் அவைக்குத் தலைவர்! எனக்குச் சொல்லவே வாய் கூசுகிறது.

ராஜா அவரை அங்கேயே பதவியிலிருந்து இறக்கினான். மோகனரங்கன் ஒரு வருஷம் நல்ல கிணற்றிலிருந்து கீழ்ப்பாடிக்குத் தலையில் குடம் சுமக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். பிறகு தன் மோதிரத்தைக் கழற்றி, "மந்திரி, உம் புத்திக்கு இது" என்றான்.

"வேண்டாம், மகாராஜா. இந்த ரெண்டு வருஷமும் நானும் இதே சபையில்தான் இருந்தேன்" என்று தலைகுனிந்தார் மந்திரி.

பேராச்சிக்குப் பட்டமும் பொன்னாடையும் வந்தன. "முத்திரையக் குடுங்க, சாமி. அந்த மோகனரங்கரு பல்லக்குல பட்டத்த எழுதினப்ப கீழ்ப்பாடியில பதினாலு பேரு செத்திருந்தாங்க. சாயம் காயறதுக்குள்ள இன்னும் ரெண்டு பேரு" என்றாள். ராஜா முத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தான்.

அன்று சாயங்காலமே கிணறு மூடப்பட்டது. மோகனரங்கனும் குடம் சுமந்தான். ஆனால் மூன்றாம் நாளே ஓவியர்கள் வந்துவிட்டார்கள். 'தாகம் தீர்க்கும் தியாகி' குடம் சுமக்கிற படம் சந்தையெல்லாம் தொங்கியது. முன்னைவிடக் கூட்டம் கூடியது. மூடிய கிணற்றின் சுவரிலும் ஆளுயரத்துக்கு அவன் படத்தையே எழுதி வைத்தார்கள். வஞ்சியின் பெயர் எங்கும் இல்லை.

கீழ்ப்பாடிக்காரர்கள் கொதித்துப்போய்ச் சுண்ணாம்பும் மட்டையுமாக வந்தார்கள். "அழிச்சிடட்டுமா, ஆச்சி?"

பேராச்சி மட்டையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேணாம். மூடியத் தள்ளிட்டு இன்னும் மொள்றானுங்க; நான் எழுதி மாட்டின பலகைய எவன் படிக்கிறான்? இவன் மூஞ்சியப் பாக்கத்தான் வர்றானுங்க. இவன் கையில 'குடிக்காதே'ன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க, போதும்."

அந்த நாட்டில் ஊர் முழுக்கப் படித்த ஒரே ஏடு அந்த ஒரு வார்த்தைதான்.